எட்டாம் வகுப்பு, மூன்றாம் பாடம்

மலைக்கும் கடலுக்கும் நடுவே ஏரிமங்கலம் என்றொரு ராஜ்ஜியம் இருந்தது. வரைபடத்தில் தேடாதீர்கள், கிடைக்காது. அந்த நாட்டுப் பிள்ளைகளுக்கே கிடைக்கவில்லை.

அங்கே அரசுப் பள்ளியில் சோசியல் டீச்சராக இருந்தவர் குழல்மொழி. சோசியல் பீரியடு என்றால் கேட்டவுடன் கிடைக்கும் என்பது மற்ற வாத்தியார்களின் நம்பிக்கை. "டீச்சர், போர்ஷன் முடியல, உங்க பீரியடக் குடுங்களேன்" என்று கணக்கு வாத்தியார் வாரம் தவறாமல் வந்து நிற்பார். குழல்மொழிக்கு வயிறு எரியும். ஆனாலும் மிச்சமிருந்த பீரியடுகளில் அவர் சந்தோஷமாகவே இருந்தார்.

ஒருநாள் மகாராஜா பள்ளியைப் பார்வையிட வந்தார். எட்டாம் வகுப்பில் வடிவு என்ற மாணவி எழுந்து, "ராஜா, ஏரிக்குள்ள வீடு கட்ட யார் அனுமதி குடுத்தது?" என்று கேட்டுவிட்டாள். கட்டியவர் ராஜாவின் மைத்துனர். ராஜா சிரித்த முகம் மாறாமல் கேட்டுக்கொண்டார். சாயங்காலமே ஆணை வந்தது. பிள்ளைகளின் பாடச்சுமையைக் கருணையோடு குறைக்கும் பொருட்டுப் புவியியல் நீக்கப்படுகிறது.

வரைபடம் போனதும் ஏரி எங்கே இருந்தது என்பதே மறந்துபோனது. கண்டவர்களெல்லாம் அதற்குள் வீடு கட்டினார்கள். ஐப்பசி மழையில் கட்டில்மேல் கட்டில் போட்டு, அதன்மேல் குடும்பத்தோடு உட்கார்ந்திருந்தார்கள். நிவாரணம் யாரிடம் கேட்பது என்று சிலருக்கு மட்டும் தெரிந்திருந்தது. விசாரித்ததில், அது குடிமையியல் பாடத்தில் இருப்பது கண்டுபிடிக்கப்பட்டது. குடிமையியலும் போனது.

பிறகு எந்த அலுவலகத்தில் என்ன கேட்பது என்று ஒருவருக்கும் தெரியவில்லை. வரலாற்றில் ராஜா பெயர் மட்டும் மனப்பாடம் ஆகியிருந்ததால், சாக்கடை அடைத்தாலும் ராஜா, ரேஷன் அட்டை தொலைந்தாலும் ராஜா என்று ஜனங்கள் அரண்மனை வாசலில் வந்து நின்றார்கள். ராஜாவின் மதியத் தூக்கம் கெட்டது. அமைச்சர் மாறவர்மர் தீர ஆலோசித்து வரலாற்றையும் எடுத்துவிட்டார். குழல்மொழிக்குக் கைதட்டல் பயிற்சி வகுப்பைக் கொடுத்தார்கள். நான்கு வருஷம் அதைச் சொல்லிக்கொடுத்தார். தன் பாடம் தனக்குத் திரும்பி வராதா என்று தினமும் ஏங்கினார்.

அந்த நாட்டில் ஒரு வழக்கம் உண்டு. ஏழு வருஷத்துக்கு ஒருமுறை ராஜா மைதானத்தில் நின்று, "தொடரட்டுமா?" என்று மக்களைக் கேட்க வேண்டும். "தொடர்க" என்றோ "போதும்" என்றோ பதில் வரும்வரை உட்காரக் கூடாது. பதிலை அரண்மனை ஆட்கள் சொல்லித்தரவும் கூடாது. பிள்ளைகள் வீட்டில் உரக்கப் படிப்பதைக் கேட்டுத்தான் பெற்றவர்கள் ஒவ்வொரு முறையும் அதை நினைவுபடுத்திக்கொள்வார்கள்.

அந்த ஏழாவது வருஷம் வந்தது. மாறவர்மர் குழல்மொழியின் வீட்டுக்கே வந்துவிட்டார்.

"ஒத்திகை பாத்தோம், டீச்சரம்மா. 'தொடரட்டுமா'ன்னு கேட்டா எல்லாரும் கை தட்டறாங்க. நிறுத்தவே மாட்டேங்கறாங்க."

"பதில் எட்டாம் வகுப்பு குடிமையியல் மூணாம் பாடத்துல இருந்துச்சுங்க ஐயா. நீங்கதான எடுத்தீங்க?"

"சரி, அதை மட்டும் நடத்திடுங்க."

"முத ரெண்டு பாடம் இல்லாம மூணாவது எப்படிங்க புரியும்? அதுக்கு வரலாறு வேணும். வரலாறு எந்த எடத்துல நடந்துச்சுன்னு கேப்பாங்க, அதுக்குப் புவியியல் வேணும். மூணையும் குடுங்க."

வேறு வழியில்லாமல் அமைச்சர் மூன்றையும் கொடுத்தார். மூன்றாம் பாடத்தில் மட்டும் "போதும்" என்ற சொல்லைக் கவனமாக நீக்கியே அச்சடித்தார். குழல்மொழிக்கு அதெல்லாம் கண்ணிலேயே படவில்லை. புதுப் புத்தகத்தை முகர்ந்து பார்த்து, கண் கலங்கி, அன்றே வகுப்புக்குப் போனார்.

பாடத்தைப் படித்து முடித்ததும் முன்வரிசையிலிருந்து நாச்சி என்ற பெண் எழுந்தாள்.

"டீச்சர், பதில் ஒண்ணுதான்னா ராஜா எதுக்குக் கேக்கறாரு?"

குழல்மொழிக்கு அப்படியே உச்சி குளிர்ந்துபோனது. நான்கு வருஷம் கைதட்டல் மட்டுமே கேட்ட காதில் ஒரு கேள்வி விழுந்திருக்கிறதே.

"பதில் சொல்ல வேண்டியது ஒங்க வீட்டுப் பெரியவங்கதான். அவங்களையே கேளுங்க" என்றார்.

எல்லாப் பிள்ளைகளும் கேட்டார்கள். எல்லா வீட்டிலும் கேட்டார்கள்.

குறித்த நாளில் மைதானம் நிரம்பியது. ராஜா நின்று, "தொடரட்டுமா?" என்றார். ஒருவரும் கை தட்டவில்லை. சந்தையில் மீன் விற்கும் முத்தரசி எழுந்து, ரொம்ப மரியாதையாகவே சொன்னாள்:

"யோசிச்சுச் சொல்றோங்க ராஜா. சித்த நில்லுங்க."

மாறவர்மர் சட்டப் புத்தகத்தைத் தலைகீழாகப் புரட்டினார். மக்கள் யோசிக்கக் கூடாது என்று அதில் எங்கேயும் எழுதியிருக்கவில்லை. அப்படி ஒன்று நடக்கும் என்று யாருக்கும் தோன்றியிருக்காது.

ராஜா இன்னும் நின்றுகொண்டுதான் இருக்கிறார். மக்களும் யோசித்துக்கொண்டுதான் இருக்கிறார்கள். பழக்கம் விட்டுப்போனதால் கொஞ்சம் நேரமாகிறதாம்.