இரண்டு பக்கமும் குருநாதன் குரல்

பிரிக்காத புதுக் கேசட் மேஜை மேலேயே இருந்தது. அப்படியானால் இவ்வளவு நேரம் பேசி முடித்தது எதில்?

குருநாதன் அவசரமாக டெக்கைத் திறந்தான். உள்ளே ஒரு வெள்ளைக் கேசட். அதன் காலி உறை பக்கத்தில் கிடந்தது. உறை மேல் நீல மையில், 'சாலிஹாவுக்கு, துபாயிலிருந்து பாக்கர்.'

"செத்தேன்!" என்றான் குருநாதன்.

கீழக்கரையில் ரெக்கார்டிங் கடை வைத்திருப்பவன் செய்யக்கூடாத பாவம் ஒன்றே ஒன்றுதான்: அடுத்தவர் கேசட்டில் இருப்பதை அழிப்பது. துபாயிலும் மஸ்கட்டிலும் இருக்கிற கணவன்மார் கடிதத்துக்குப் பதிலாகக் கேசட்டில் பேசி அனுப்புவார்கள். டேப் சிக்கினாலோ அறுந்தாலோ, வீட்டுப் பெண்கள் இவனிடம்தான் கொடுத்துவிடுவார்கள். கடலாடிப் பக்கத்திலிருந்து வந்த இவனை ஊர் எட்டு வருடமாக நம்புவதற்கு ஒரே காரணம், அடுத்தவர் பேச்சை இவன் ஒரு சொல்கூடக் கேட்பதில்லை என்பதுதான். ஒட்டுவான், சுற்றுவான், உறையில் போட்டுக் கொடுத்துவிடுவான். அந்தப் பெயர் போனால் கடையும் போச்சு.

காலையில் சாலிஹாவின் தம்பி ஹமீது ஓடிவந்து, "அண்ணே, மச்சான் அனுப்புனது. லாத்தா உங்ககிட்ட கொடுக்கச் சொல்லுச்சு. சாயங்காலம் வாரோம்" என்று நீட்டிவிட்டு, பல்வலியால் துடித்த அக்காவை அழைத்துக்கொண்டு ராமநாதபுரம் பஸ் ஏறிவிட்டான். அப்போது விவரம் கேட்கிற நிலைமையில் குருநாதன் இல்லை. பம்பாய் நண்பனுக்குக் கருத்து அனுப்புகிற நாள் அது.

கருத்து என்றால் சாதாரணக் கருத்தா? இந்த 1987-ல், ராமநாதபுரம் ஜில்லாவிலேயே ஆங்கில ராக், பாப் பாட்டுகளுக்குத் தீர்ப்புச் சொல்லும் தகுதி தனக்கு மட்டும்தான் உண்டு என்பது அவன் எண்ணம். மறுக்க யாருமில்லை. கேட்கவும் யாருமில்லை, அது வேறு விஷயம். அதனால் மாதம் ஒரு கேசட்டில் பேசி நண்பனுக்கு அனுப்புவான். இந்த மாதம் மாட்டியது லண்டன் குழு ஒன்றின் புது ஆல்பம். உலகமே தலையில் வைத்து ஆடுவதாக நண்பன் எழுதியிருந்தான். துபாயிலிருந்து வந்தவர்களிடமெல்லாம் குருநாதன் விசாரித்துப் பார்த்தான். குடை வந்தது, தைலம் வந்தது, அந்த ஆல்பம் மட்டும் வரவில்லை. அந்த எரிச்சலிலேயே விளாசித் தள்ளிவிட்டான்.

சத்தம் கேட்டு, பக்கத்துத் தையல்கடைக் கூத்தையா கழுத்தில் அளவு டேப்போடு வந்து நின்றான்.

"என்ன மாப்ளே, ரெண்டு பக்கமுமா பேசித் தொலைச்ச?"

"ரெண்டு பக்கமும்."

"கேக்காத பாட்டுக்கு ஒரு மணி நேரமா?"

"கேட்டிருந்தா ரெண்டு கேசட்டு ஆயிருக்கும். இப்ப அதுவாலே முக்கியம்?"

"பேசாம அழிச்சிட்டு வெறும் கேசட்டாக் கொடுத்துரு."

"புருசன் ஒரு வார்த்த பேசாம அனுப்பிட்டாருன்னு அந்தப் புள்ள அழுகாதா?"

"அப்ப நீயே பேசு. வெளிநாட்டுல இருக்கவுக வேற என்னத்தப் பேசிரப் போறாக? வெயிலு ஜாஸ்தி, சோறு சரியில்ல, உம்மாவப் பாத்துக்க."

"அவரு குரலு எப்படின்னு எனக்கு என்னலே தெரியும்? நான்தான் யாரு பேச்சையும் கேட்டதில்லையே!"

"இரு, விசாரிச்சிட்டு வாரேன்."

கூத்தையா டீக்கடைக்குப் போய், "பாக்கர் குரலு எப்படிய்யா இருக்கும்?" என்று கேட்டான். எதற்கு என்றார்கள். பதில் யோசித்து வைக்காததால், "துபாயிலருந்து ஒரு கேசட்டு வந்திருக்கு... அது விசயமா..." என்று இழுத்தான். போதாதா! பாக்கருக்கு என்னவோ ஆகிவிட்டது, கேசட்டில் சேதி வந்திருக்கிறது, கடைக்காரன் சொல்லத் தயங்குகிறான் என்று மதியத்துக்குள் தெருவெல்லாம் பேச்சு.

"கட்டைக் குரலாம்" என்று திரும்பி வந்தான் கூத்தையா. "ஆனா அவுக வீட்டு வாசல்ல ஒரே கூட்டம் மாப்ளே. பாக்கரோட உம்மா மயங்கி விழுந்துட்டாகளாம்."

பெற்றவளை இப்படிப் பதறவைத்துவிட்டோமே என்று குருநாதனுக்குக் கண்ணே கலங்கிவிட்டது. கதவைச் சாத்தினான். மைக்கில் துண்டைப் போர்த்தினான்.

"அஸ்ஸலாமு அலைக்கும் உம்மா. நான் சொகமா இருக்கேன். ஒரு குறையும் இல்ல. வெயிலுதான் ஜாஸ்தி. சாலிஹாவ நல்லாப் பாத்துக்கங்க..."

ஐந்து நிமிடம் பேசி நிறுத்துவதற்குள் கதவு தடதடவென்று தட்டப்பட்டது. பாக்கரின் தாய் நஃபீசா. பின்னால் பாதித் தெரு.

"தம்பி, எம் மகனுக்கு என்னாச்சு? மறைக்காதீக!"

"ஒண்ணும் ஆகலம்மா! அவரே பேசியிருக்காரு, கேளுங்க."

கேசட் ஓடியது. நஃபீசா மூச்சைப் பிடித்துக்கொண்டு கேட்டார். "அல்ஹம்துலில்லாஹ்! சளி புடிச்சிருக்கு போல, குரலே மாறிக் கெடக்கு" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டார். எல்லார் முகத்திலும் சிரிப்பு. குருநாதன் நிறுத்தப் போனான்.

"நிறுத்தாதீக தம்பி. எம் புள்ள இன்னும் பேசுவான்."

பிள்ளை பேசினான். துண்டு போர்த்தாத குரலில், கடை அதிரப் பேசினான்.

"...கொட்டு அடிக்க ஆளு இல்லையாம், மிஷினு அடிக்குதாம்! கம்மங்காட்டுல குருவி வெரட்டுற தகரம் இதைவிட நல்லாக் கேக்கும். பாடுறவன் தொண்டையில மீன்முள்ளு. நான் குருநாதன் சொல்றேன், இந்த ஆல்பத்தத் தொடாத!"

கூத்தையா மெல்லத் தன் கடைப் பக்கம் நழுவினான்.

குருநாதன் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டான். ஒன்று விடாமல் சொன்னான். "உங்க மகன் பேசுனத நான் அழிச்சிட்டேம்மா. இனிமே இந்தக் கடையத் தொறக்க எனக்கு யோக்கியதை இல்ல."

"அது கெடக்கட்டும். எம் மகன் நல்லா இருக்கானா இல்லையா?"

"எனக்கு எப்படித் தெரியும்? நான்தான் கேக்கவே இல்லையே!"

நஃபீசா மறுபடி மயங்கப் பார்த்த நேரத்தில் ராமநாதபுரம் பஸ் வந்து நின்றது. கூட்டத்தைக் கண்டு சாலிஹா, வீங்கிய கன்னத்தைத் துப்பட்டியால் பொத்திக்கொண்டு, தம்பியோடு கடைக்கு ஓடிவந்தாள். ஆளுக்கு ஒரு பக்கம் நடந்ததைச் சொன்னார்கள். டெக்கை நிறுத்த யாருக்கும் தோன்றவில்லை. அதில் குருநாதன் இன்னும் லண்டன்காரர்களைத் திட்டிக்கொண்டிருந்தான்.

சாலிஹா ஒரு நிமிடம் அதையே உற்றுக் கேட்டாள்.

"பயப்படாதீக மாமி, அவுக சொகமாத்தான் இருக்காக. நான் முழுசாக் கேட்டுட்டேன், கேசட்ல அவுக பேசவே இல்ல, வெறும் பாட்டுத்தான்" என்றாள். பிறகு குருநாதன் பக்கம் திரும்பினாள்.

"நீங்க இப்ப திட்டிக்கிட்டிருக்கீகளே அண்ணே, அந்தப் பாட்டுகளத்தான் எனக்காகப் பதிஞ்சு அனுப்புனாக. நீங்களும் கேட்டுட்டு, எப்படியிருக்குன்னு ஒரு கருத்துச் சொல்லுவீகன்னுதான் கொடுத்துவிட்டேன்."