குட்டிக்குளத்துக்கு விழுந்த ஓட்டு

ஸ்கார்த்விக்,
மே 14

பெருமதிப்புக்குரிய ரஸல் அண்ணனுக்கு,

உன் தங்கை ஹெதர் எழுதுவது. இங்கே நான், டீன், குட்டி ஐவி மூவரும் நலம். ஐவிக்குக் கடைவாய்ப் பல் முளைக்கிறது, அதை நலத்தில் சேர்க்கலாமா என்று தெரியவில்லை. நியூசிலாந்தில் நீயும் அண்ணியும் உங்கள் ஆடுகளும் சுகமாயிருக்க வேண்டும். என்றுமில்லாமல் இவ்வளவு மரியாதை எதற்கு என்று பயப்படாதே. பத்து நாளாக நான் நகர மன்றக் கவுன்சிலர். சிரித்து முடித்துவிட்டு மேலே படி.

எல்லாம் பக்கத்து வீட்டு பெரில் ஹார்க்கரால் வந்தது. ஊர்வாசிகள் சங்கத்துக்கு அவர்தான் செயலாளர். மார்ச் மாதம் ஒரு படிவத்தோடு வந்து, "நம்ம வார்டுல நிக்க ஆளில்ல கண்ணு, சும்மா ஒரு பேரு வேணும். நீ ஜெயிக்கவே மாட்டே, அதுக்கு நான் பொறுப்பு. போன தடவை எங்க ஆளுக்கு நாப்பத்தியொரு ஓட்டு. அவர் பெண்டாட்டியே போடல" என்றார். ஒரு கையில் ஐவியின் கஞ்சிக் கரண்டி, மறு கையில் பேனா, கையெழுத்துப் போட்டுவிட்டேன். துண்டறிக்கைக்கு என் படம் கேட்டார்கள். ஐவி என் மூக்கைப் பிடித்து இழுக்காத படம் ஒன்றுகூட இல்லை. எனவே அவர்களாகவே பூங்காவில் நாம் விளையாடிய குட்டிக்குளத்தைப் போட்டுவிட்டார்கள். பழைய படம், கோடைகாலம், தண்ணீர் தெரியாத அளவுக்குக் குழந்தைகள். தரையில் விரிசல் என்று நான்கு வருடமாக அதில் தண்ணீர் விடுவதில்லை. அதை மூடிக் கார் நிறுத்துமிடமாக்கும் திட்டம் பழைய மன்றத்தின் மேசையில் கிடந்தது. படத்துக்குக் கீழே "மறுபடியும் தண்ணீர் விடுவோம்" என்று ஒரே வரி. ஜெயிக்கப்போவதில்லை என்றால் என்ன வேண்டுமானாலும் எழுதலாமே.

வாக்குச்சாவடியில் சீட்டில் குறிபோடப் பென்சிலைக் கையில் எடுத்ததும், என் பெயரை நானே பார்க்கக் கூச்சமாகிவிட்டது. சிவப்புக் கட்சிக்காரருக்குப் போட்டுவிட்டு வந்தேன். அவர் ஒருமுறை ஐவியின் தள்ளுவண்டியைப் படியேற்றிக் கொடுத்தவர். மறுநாள் மத்தியானம் ஐவிக்குத் திராட்சையை நான்காக வெட்டிக்கொண்டிருக்கிறேன் (இரண்டாக வெட்டினால் தொண்டையில் சிக்கலாம்), பெரில் போன் செய்கிறார். "உட்கார்ந்திருக்கியா? நாலு ஓட்டுல ஜெயிச்சுட்டே. என்னை மன்னிச்சுடு கண்ணு." அதோடு விட்டதா? முப்பத்தொரு இடத்தில் நீலம் பதினைந்து, சிவப்பு பதினைந்து, நான் ஒன்று. தொங்கு மன்றமாம். தொங்குவது என் கழுத்தில்.

செவ்வாய்க்கிழமை சிவப்புத் தலைவர் கிளைவ் ஆஷ்வொர்த் பிஸ்கட்டோடு வந்தார். முன்னறையில் உட்கார வைத்தேன். பத்து நிமிடத்தில் பின்கதவைத் தட்டிக்கொண்டு நீலத் தலைவி ப்ரெண்டா ஸ்கேல்ஸ் எலுமிச்சை கேக்கோடு நிற்கிறார். அவரைச் சமையலறையில் உட்கார வைத்தேன். இங்கே ஒரு தேநீர், அங்கே ஒரு தேநீர் என்று ஓடினேன். இரண்டு பேரிடமும் ஒரே கேள்விதான்: என் கையை உங்கள் பக்கம் தூக்கினால் குளத்துக்குத் தண்ணீர் வருமா? "அதுல வளர்ந்தவன்மா நான்!" என்றார் அவர். "என் உயிரே அதுலதான்!" என்றார் இவர். ஆமாம், இல்லை என்று ஒருவரும் சொல்லவில்லை. அதற்குள் ஐவி நடுக்கதவைத் திறந்துவிட்டாள், இருவரும் நேருக்கு நேர்.

"நீ இங்க என்ன பண்றே?"

"நீ பண்றதைத்தான். குளம் உனக்கு உயிரா ப்ரெண்டா? அதோட தரை என்ன நிறம்னு சொல்லு பார்ப்போம்."

"பச்சை."

"நீலம்! உன் கட்சி நிறமே உனக்குத் தெரியல."

"அறுபத்தேழுல என் செருப்பை அதுல தூக்கிப் போட்டது யாருன்னு மட்டும் நல்லாத் தெரியும்."

"அது... உன்கிட்ட எப்படிப் பேசுறதுன்னு தெரியாம போட்டேன்."

அப்புறம் சிரித்தார்கள் பார், கண்ணில் தண்ணீர் வர. நானும் அவர்களோடு உட்கார்ந்துவிட்டேன். பெயின்ட் உரிந்து நம் உள்ளங்கால் நீலமாகி, அந்தக் காலோடு படுத்து அம்மாவிடம் அடி வாங்கியது. கடல் காற்றில் உதடு வெளுத்து நடுங்கிக்கொண்டே "இன்னும் ஒரு நிமிஷம்" என்று நீ எனக்காகவும் சேர்த்துக் கெஞ்சியது. மணல் நறநறக்கும் முட்டை சாண்ட்விச். எல்லாவற்றையும் சொன்னேன். கணுக்காலளவு தண்ணீர்தான் அண்ணா, நான் ஆயிரம் ஆபத்து கண்டுபிடிக்கிறவள், ஆனாலும் ஐவி அதில் தொபுக்கென்று உட்கார்ந்து எழுந்திருப்பதை ஒரு கோடையாவது பார்க்க வேண்டும். அவளுக்கு ரெண்டு வயசாச்சு, இதுதான் வயசு. கேக், பிஸ்கட் எல்லாம் தீர்ந்து, ப்ரெண்டாவின் காரிலேயே கிளைவும் கிளம்பினார். "அந்தக் குளத்தை நாங்க மறக்கவே மாட்டோம் ஹெதர்" என்று இரண்டு பேரும் என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னார்கள். அழுதுவிட்டேன்.

ஆகவே குளம் பத்திரம். இனி மன்றத்தில் எனக்கு வேலையில்லை. கூட்டம் வைப்பதெல்லாம் ஐவி குளிக்கிற நேரத்தில். அவளுக்கு வெந்நீர் பதம் பார்க்க அவள் அப்பா டீனுக்குத் தெரியாது. ராஜிநாமாக் கடிதம் எழுதி ஃப்ரிட்ஜில் ஒட்டியிருக்கிறேன், காலையில் தபாலில் சேர்ப்பேன். அண்ணிக்கு என் அன்பு. உன் ஆடுகளுக்கு ஒரு குறையும் வராதிருக்கட்டும். உனக்கு நல்ல தூக்கம் கிடைக்கட்டும், எனக்குக் கிடைக்காததையும் சேர்த்து.

என்றும் உன் அன்புத் தங்கை,
ஹெதர்

பி.கு. (மே 16): அன்றிரவு உறையை ஒட்டப்போனேன், மன்றத்திலிருந்து மின்னஞ்சல். நீலமும் சிவப்பும் கூட்டணி. முப்பது பேர் ஒரே பக்கம். என் கை யாருக்கும் வேண்டாம். ஒப்பந்தத்தின் ஒன்பதாவது வரியைக் கேள்: குட்டிக்குளத்தை மூடி நாற்பது கார் நிறுத்துவார்களாம், வாசலில் பித்தளைப் பலகை, "இங்கே விளையாடிய தலைமுறைகளின் இனிய நினைவாக." உயிரோடு இருக்கும்போதே நம்மை நினைவாக்கிவிட்டார்கள் அண்ணா. எதிர்வரிசையில் மிச்சம் நான் ஒருத்திதானாம். எதிர்க்கட்சித் தலைவரும் நானே, கொறடாவும் நானே. ராஜிநாமாவைக் கிழித்தாயிற்று. டீன் வெந்நீர் பதம் கற்றுக்கொள்கிறார், இரண்டு தடவை விரலைச் சுட்டுக்கொண்டார். அடுத்த மாதம் முதல் கூட்டம். அந்தக் குளத்தில் விளையாடிய நீ இன்னும் சாகவில்லை என்று இரண்டு வரி எழுதிக் கையெழுத்துப் போட்டு உடனே அனுப்பு, சபையில் படிக்க வேண்டும். பெரில் தெருத்தெருவாகப் போய் இதுவரை அறுபத்திரண்டு பேரிடம் இப்படி எழுதி வாங்கிவிட்டார்.