கீழ்ப்புதூர் ஸ்டேஷனில் என் டிவி

கீழ்ப்புதூர், குன்றத்தூர் வழி
20-2-1991

‘கோணல் தொப்பி’ தொலைக்காட்சித் தொடரின் தயாரிப்பாளர் சமூகத்திற்கு, ஓய்வுபெற்ற ஸ்டோர் கீப்பர் ரகுபதி வணக்கத்துடன் எழுதிக்கொண்டது. இங்கு நானும் மனைவி சரோஜாவும் நலம். எங்கள் டிவியும் நலம். அது போலீஸ் ஸ்டேஷனில் இருக்கிறது.

போன மார்கழியில் எல்லப்பன் என்பவன் எங்கள் டிவியைத் திருடினான். தலையில் சுமந்து போனவனுக்குக் கழுத்து வலித்திருக்கிறது. இறக்கி வைத்து இளைப்பாறிய இடம் ஸ்டேஷன் வாசல். இதைத்தான் எஸ்.ஐ. பலராமன் ‘துரிதப் புலன்விசாரணை’ என்று எழுதி மேலிடத்துக்கு அனுப்பினார். டிவியை என்னிடம் ஒப்படைக்கச் சொல்லிக் கோர்ட்டும் உத்தரவு போட்டுவிட்டது. உத்தரவோடு போனால் ஏட்டு அருள்நாதன் அதை வாங்கிப் படித்து, மடித்து, ஆடும் மேஜையின் காலடியில் சொருகிவிட்டு, “இன்னா சார் அவசரம்? தொடர் முடியட்டும், மறுநாளே ஜீப்புல கொண்டாந்து எறக்கிடறோம்” என்றார். ஜீப்பைத் தள்ளித்தான் கொண்டுவர வேண்டும் என்பது வேறு விஷயம்.

ஐயா, செவ்வாய்தோறும் ஸ்டேஷனே கூடி என் டிவியில் பார்க்கும் உங்கள் தொடரில் வரும் போலீஸ்காரர்கள் கிறுக்கர்கள். ஒருவர் கைதிக்கு விலங்கு மாட்டிச் சாவியைத் தொலைக்கிறார். அதைப் பார்த்து, “இப்படியும் ஒரு ஸ்டேஷன் இருக்குமாய்யா?” என்று எங்கள் எஸ்.ஐ. கண்ணில் நீர் வரச் சிரிக்கிறார். அவரே லாக்கப் சாவியைத் தொலைத்துவிட்டுத் தேட ஆரம்பித்து இன்றோடு ஒன்பது நாள். ஜாமீனில் இருக்கும் எல்லப்பன் தினமும் மாலை ஆறு மணிக்குக் கையெழுத்துப் போட வருகிறான். செவ்வாய்க்கிழமைகளில் மட்டும் திரும்பிப் போவதில்லை, மாடியில் ஆன்டெனாவைத் திருப்பிக்கொண்டு, “தெரியுதா ஏட்டையா?” என்று கத்துவது அவன்தான். சொந்தக்காரனாகிய எனக்குக் கடைசி வரிசையில், சரோஜா வீட்டிலிருந்து கொண்டுவரும் பாயில் இடம். “நம்ம வூட்டு டிவிய நம்ம வூட்ல குந்திக்கினு பாக்கறது எப்போ?” என்று அவள் என்னைப் பிடுங்கி எடுக்கிறாள். அவளுக்குப் பதில் சொல்லி மாளவில்லை, மானமும் போகிறது. ஆகவே தயவுசெய்து தொடரை உடனே நிறுத்தி எங்களைக் காப்பாற்ற வேண்டும். குன்றத்தூர் முருகன் தங்களுக்கு வேறு நல்ல தொழிலைக் காட்டட்டும்.

இப்படிக்கு,
ரகுபதி

பி.கு: உறையை ஒட்டும்போது ஏட்டு வந்தார். அடுத்த செவ்வாயோடு தொடர் முடிகிறதாம், புதனன்று டிவி வந்துவிடுமாம். சரோஜாவின் முகம் வாடிவிட்டது. “நம்ம ரெண்டு பேர் மட்டும் பாத்தா சிரிப்பு வருமா? அவங்க சிரிக்கிறதப் பாத்துதானே நா சிரிச்சிக்கினு இருந்தேன்” என்றாள். யோசித்துப் பார்த்தால் நானும் இந்த இரண்டு மாதமாகத் திரையைச் சரியாகப் பார்க்கவே இல்லை. எனவே மேலே கண்டதை மறந்துவிட்டு, தொடரை இன்னும் பதின்மூன்று வாரம் நீட்டிக்க வேண்டுகிறேன். அதுவரை டிவி ஸ்டேஷனிலேயே இருப்பதில் ஆட்சேபணை இல்லை என்று ஏட்டிடம் எழுதிக் கொடுத்துவிட்டேன். சாட்சிக் கையெழுத்து சரோஜா போட்டாள்.