பனிக்கரடியின் புகார்கள்

"வங்கி வேலை வேண்டாம்னு சொல்லிடலாம்னு இருக்கேன்டா," என்றாள் வென்லா, கல்லூரி உணவகத்தில் பட்டாணி சூப்பைக் கிளறிக்கொண்டே.

ஏரோ கரண்டியைக் கீழே வைத்தான். வணிகப் படிப்பு முடிந்ததும் இருவரும் ஒரே வங்கியில், பக்கத்துப் பக்கத்து மேசையில் என்று மனத்துக்குள் அவன் பாதிக் குடித்தனமே நடத்தியிருந்தான்.

"அப்புறம்?"

"நம்ம சீனியர் ஒன்னி இருக்கான்ல, அவனோட கம்பெனி. இப்பதான் ஆரம்பிச்சிருக்கான். அடுக்குமாடியில யாருக்கு எப்போ பொது சவுனாவுல நீராவிக் குளியல் முறைன்னு பதிவு பண்ற ஆப். ஓப்பன் சோர்ஸ்டா. யார் வேணா சும்மா எடுத்துக்கலாம், குறை இருந்தா ஊரறிய எழுதலாம்."

"சும்மா குடுத்துட்டு எப்படிடி பொழைப்பீங்க?"

"அதைக் கண்டுபிடிக்கத்தான் என்னைக் கூப்பிடுறான். இந்த மாசத்துக்குள்ள முடிவு சொல்லணும்."

ஒன்னியின் பெயரைச் சொல்லும்போது அவள் சிரித்த சிரிப்பு ஏரோவுக்குப் பிடிக்கவில்லை. ஊரறிய எழுதலாமா? நல்லது. அவளும் படிக்கட்டும்.

தன் கட்டடத்துக்கு அந்த ஆப்பைப் போட்டான். அதன் புகார்ப் பக்கத்தில் 'பனிக்கரடி' என்ற புனைபெயரில் எழுதினான்: 'ஒரே நேரத்தை இரண்டு பேருக்குக் கொடுத்துவிட்டது. நானும் மாடிவீட்டு நீதிபதியம்மாவும் துண்டோடு முறைத்துக்கொண்டு நின்றோம்.'

சாயங்காலத்துக்குள் ஒன்னி குறையைச் சரிசெய்து நன்றியும் சொல்லிவிட்டான்.

ஏரோவுக்கு இன்னும் எரிந்தது. தினமும் ஒரு குறையைத் தோண்டி எடுத்தான். தினமும் நன்றி வந்தது. பச்சையாகத் திட்டினான். அதற்கும் நன்றி. கடைசியில், 'ஆப்பைச் சும்மா கொடுத்தால் பராமரிப்புக்காவது காசு வாங்கத் தெரியாதா, மடையர்களா?' என்று தொடங்கி, தான் படித்த படிப்பையெல்லாம் கொட்டி வறுத்தெடுத்தான்.

இந்த முறை நன்றியோடு ஒரு சிவப்பு இதயமும் வந்தது.

மறுநாளே வென்லா ஓடிவந்தாள். "சேர்ந்துட்டேன்டா! பனிக்கரடின்னு ஒருத்தர், தினமும் வந்து திட்டுறார். இந்தத் திட்டு திட்டணும்னா அந்த ஆப் மேல எவ்வளவு உசிரா இருக்கணும்! காசு பண்ற வழிகூட அவர் சொன்னதுதான்."

சலவைக் கடைக்கு மேலே ஒற்றை அறை அலுவலகம். வென்லா சேர்ந்ததைக் கொண்டாட இலவங்கப்பட்டை ரொட்டி வாங்கியிருந்தார்கள். ஏரோவும் போனான். அவள் காபி போட நகர்ந்ததும் அவனால் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்க முடியவில்லை.

"ஆமா, உங்க ஆப்பை மொத்தம் எத்தனை கட்டடத்துலப்பா பயன்படுத்துறாங்க?"

ஒன்னி திரும்பி வென்லாவைப் பார்த்துவிட்டு, குரலைத் தாழ்த்தினான்.

"அவகிட்ட சொல்லிடாதப்பா... இதுவரைக்கும் பனிக்கரடியோட கட்டடம் ஒண்ணுதான்."