கஸ்பார் கிராணியார் சோறு துறந்த வைபவம்

மனித குலம் எத்தனையோ துறவிகளைக் கண்டிருக்கிறது. அரண்மனையைத் துறந்தவர்கள், ஆசையைத் துறந்தவர்கள், கட்டிய வேட்டியையே துறந்துவிட்டுக் காட்டுப் பக்கம் போனவர்கள் என்று அந்த வரிசை நீளம். ஆனால் நாற்காலியை விட்டு எழுந்திருக்காமல், தினம் ஒரு கோழியைத் தின்றுகொண்டே துறவியான மகான் உலகத்தில் ஒருவர்தான். அவர் மலாயாவின் பேராக் மாநிலத்தில், ஈப்போவுக்குத் தெற்கே, சிரட்டை என்கிற ரப்பர்த் தோட்டத்துப் பெரிய கிராணியாக, அதாவது தலைமைக் குமாஸ்தாவாக இருந்த கஸ்பார். அவர் துறந்தது சோறு.

இதைச் சாதாரணத் துறவு என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். கஸ்பார் கிராணியார் அதுவரை சோற்றோடு நடத்திய இல்வாழ்க்கை ஊரறிந்தது. விடிந்ததும் பழையது, ஆபீஸுக்குத் தோசை, மத்தியானம் மீன் குழம்போடு ஒரு குன்று, சாயங்காலம் தேத்தண்ணியும் கூவே என்கிற பலகாரமும், ராத்திரிக்கு 'ஏதோ கொஞ்சம்'. அந்த ஏதோ கொஞ்சத்துக்கு அவர் மனைவி அகதா தனியாக உலை வைப்பாள். ஆபீஸில் அவருக்கென்று பிரத்தியேகமாகச் செய்த நாற்காலிக்கு அடிக்கடி கால் மாற்ற வேண்டியிருந்தது. தச்சர் அதை நிரந்தர வேலையாகவே கருதினார்.

இப்படிச் சந்தோஷமாகப் போய்க்கொண்டிருந்த குடித்தனத்தில் ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபத்தொன்றாம் வருஷம் மண் விழுந்தது. ரப்பர் விலை படுத்துவிட்டது. சீமையிலிருந்து கம்பெனி உத்தரவு போட்டது: செலவைச் சுருக்க ஒவ்வொரு தோட்டத்திலும் ஓர் ஆளைக் குறைக்க வேண்டும். எந்த ஆள் என்பதை, தோட்டம் தோட்டமாகச் சுற்றிப் பார்த்துத் தீர்ப்புச் சொல்லும் விசிட்டிங் துரை நேரில் வந்து முடிவு செய்வார்.

தோட்டத்துத் துரை கஸ்பாரை அழைத்தார். கிராணியாரிடம் துரை பேசுவது இங்கிலீஷில். அதன் சாரம் தமிழில் இது:

"கஸ்பார், விசிட்டிங் துரைக்குப் பருத்த ஆளைக் கண்டால் பிடிக்காது. பருத்தவன் சோம்பேறி என்பது அவருடைய சித்தாந்தம்."

"சார், அவரும் கொஞ்சம் பருமன்தானே சார்?"

"அவர் உட்காரும் பதவியில் இருக்கிறார். அது வேறு. அவர் வருவதற்குள் நீ இளைத்தாக வேண்டும். இல்லாவிட்டால் குறைகிற ஆள் நீதான்."

"பரம்பரை உடம்பு சார்."

"பரம்பரையும் சோறு தின்றிருக்கும்," என்றார் துரை.

துரையும் அப்போதுதான் ஈப்போவில் ஒரு வெள்ளைக்கார டாக்டரிடம் வயிற்றைக் காட்டிவிட்டு வந்திருந்தார். டாக்டர் ரொட்டி, உருளைக்கிழங்கு, சர்க்கரை, மாவுப் பண்டம் அத்தனையும் கூடாது என்றார். இறைச்சி, முட்டை, மீன், கீரை ஆகியவற்றுக்குத் தடையில்லை. விஸ்கி எந்தக் கட்சி என்று துரை கவலையோடு விசாரித்தார். அதில் மாவு கிடையாது என்று டாக்டர் சொன்ன கணத்திலிருந்து துரைக்கு அந்த வைத்தியத்தில் அசைக்க முடியாத நம்பிக்கை பிறந்துவிட்டது. அதையே கஸ்பாருக்கும் விதித்தார்.

கஸ்பார் கணக்குப் போட்டுப் பார்த்தார். தோட்டத்துக்குத் தோட்டம் கிராணிகளை ஊருக்குக் கப்பலேற்றிக்கொண்டிருக்கிற காலம். பையன் ஈப்போவில் படிக்கிறான், பெண்ணுக்கு ஆயர் தாவாரில் சம்பந்தம் பேசி முடிக்கிற தறுவாய். மாப்பிள்ளை வீட்டார் பெண் கேட்டதே 'பெரிய கிராணி வீடு' என்றுதான். வேலை போனால் வீடும் போகும், சம்பந்தமும் போகும். அன்று ராத்திரியே அவர் சோற்றுத் தட்டைத் தள்ளி வைத்தார். கண் கலங்கியது. அது வேலைக்காகவா சோற்றுக்காகவா என்று அவருக்கே தெரியவில்லை.

"என்னங்க, உடம்புக்குச் சொகமில்லையா?" என்றாள் அகதா.

"இனிமே சோறு இல்ல அகதா. கறி, மீனு, முட்ட. அவ்வளவுதான்."

"தவக்காலத்துல கறிய விட்டுட்டுச் சோறு திம்போம். இது என்னாங்க தலகீழ்த் தவக்காலம், சோத்த விட்டுட்டுக் கறி திங்கிறது? சாமியாருக்குத் தெரியுமா?"

"தொரைக்குத் தெரியும். போதும்."

துறவு தொடங்கியது. தோட்டத்து ஆட்கள் குடியிருக்கிற லயத்தில் கோழி வளர்க்கிற ராக்காயி அகதாவுக்கு முட்டை கொண்டுவந்து கொடுத்தாள். முட்டை தீர்ந்ததும் முட்டை போட்ட கோழியைக் கொடுத்தாள். பிறகு பக்கத்து வீட்டுக் கோழியை வாங்கிக் கொடுத்தாள். லயத்தில் விடியற்காலையில் சேவல் கூவுவது படிப்படியாக மெலிந்து, ஒருநாள் அறவே நின்றது. கிராணியாரும் மெலிந்தார். ரப்பர்ப் பால் நிறுக்கிற ஸ்டோர் தராசில் அவர் ஏறி நிற்க, கங்காணி மாயாண்டி முள்ளைப் பார்த்து, "எறங்குதுங்கய்யா!" என்று அறிவிக்கும்போதெல்லாம் அவர் முகத்தில் ஒரு தெய்வீகக் களை வந்தது.

ஆனால் எடையோடு தெம்பும் இறங்கியது. ஆபீஸ் படியில் ஏறினால் கண்ணுக்குள் பூச்சி பறந்தது. கஸ்பார் இதற்கும் அஞ்சவில்லை. நிர்வாகம் தெரிந்தவர் அல்லவா? வருவாய் குறைந்தால் செலவைக் குறைப்பது என்கிற கம்பெனிக் கொள்கையைத் தம் உடம்புக்கும் அமல்படுத்தினார். அதற்குத் 'தெம்புச் சிக்கனம்' என்று பெயரும் சூட்டினார்.

சிக்கனம் கட்டம் கட்டமாக வந்தது. நடப்பது ரத்து, மரம் சீவுகிற வேலைக்காட்டுப் பக்கம் போக வேண்டுமென்றால் பால் ஏற்றுகிற தள்ளுவண்டியில் உட்கார்ந்து போனார். பிறகு போவதும் ரத்து. ஆபீஸ் வராந்தாவில் சாய்வு நாற்காலி போட்டு, முகத்தில் துண்டை விரித்துக்கொண்டு 'மேற்பார்வை' பார்த்தார். இவ்வளவு செய்தும் ஒரு பெரிய செலவு மிச்சம் இருந்தது. அது வசவு.

விடியுமுன் ஆட்களை வரிசையில் நிறுத்திப் பேர் கூப்பிடுவதற்குத் தோட்டத்தில் பெரட்டு என்று பெயர். சிரட்டைத் தோட்டத்துப் பெரட்டில் பேர் கூப்பிடுவது கொஞ்சம், கிராணியார் திட்டுவது மிச்சம். வந்தவனை ஏன் நேற்று வரவில்லை என்று திட்டுவார். நேற்று வந்தவனை ஏன் பிந்தி வந்தாய் என்று திட்டுவார். இரண்டிலும் சிக்காதவனை அவன் அப்பனுக்காகத் திட்டுவார். திட்டி முடிப்பதற்குள் சூரியன் மரத்துக்கு மேலே வந்துவிடும். அந்தச் சங்கீதத்துக்கு வேண்டிய மூச்சு இப்போது அவரிடம் இல்லை. ஆகவே வசவையும் ரத்து செய்தார். மாயாண்டி பேர் கூப்பிட்டார், ஆட்கள் போனார்கள், அவ்வளவுதான்.

பால்மரத்துக்கு ஒரு குணம் உண்டு. குளிர்ச்சி இருக்கும்போதே சீவினால் பால் நிற்காமல் ஒழுகும்; வெயில் ஏறிவிட்டால் சீவிய இடம் சீக்கிரம் உறைந்துபோகும். வசவு இல்லாததால் ஆட்கள் பனியோடு பனியாக மரத்தடிக்குப் போய்விட்டார்கள். போதாக்குறைக்கு, பால் நிறுக்கும்போது 'தண்ணி கலந்துட்டே' என்று மல்லுக்கு நின்று எடையைக் குறைக்கிற வழக்கத்தையும் கஸ்பார் கைவிட்டிருந்தார். தராசு முள் எங்கே நின்றதோ அதையே எழுதினார். தோட்டம் பிறந்த நாள் தொட்டு இல்லாத அளவுக்குப் பால் ஏறியது.

துரை பூரித்துப்போனார். அவரும் பங்களா வராந்தாவில் படுத்தபடி பத்தியம் காத்துக்கொண்டிருந்தவர்தான். செய்தி கேட்டு எழுந்தே உட்கார்ந்தார்.

"கஸ்பார்! நீ ஒருவன் சோற்றை விட்டதற்கே இவ்வளவு பால். தோட்டம் முழுக்கச் சோற்றை விட்டால்?"

கஸ்பாருக்குத் தூக்கிவாரிப்போட்டது. "சார்..." என்றார்.

மறுநாள் பெரட்டில் துரையே வந்து தோட்டத்துத் தமிழில் பிரசங்கம் செய்தார்.

"எல்லா ஆளும் கேளு! சோறு ரொம்ப கெட்டது. சோறு துன்னா சோம்பேறி. கிராணி சோறு துன்றது இல்ல, பால் நெறைய வருது. திங்கக்கிழம தொட்டு ஸ்டோருல அரிசி இல்ல. கிராணி என்னா துன்றான், நீயும் அது துன்னு. கிராணி எப்படி இருக்கான், நீயும் அப்படி இரு. மாயாண்டி, வெளங்கிச்சா?"

"நல்லா வெளங்கிச்சுங்க தொர," என்றார் மாயாண்டி.

அந்த வரிசையை அன்றுதான் கஸ்பார் துண்டை விலக்கிவிட்டுச் சரியாகப் பார்த்தார். சோற்றை விடச் சொல்லி உத்தரவு வாங்கிய அத்தனை பேரையும் தராசில் மொத்தமாக ஏற்றினாலும் முள் அதிர்ச்சி அடையாது. அவருக்கு மனசு என்னவோ செய்தது.

வீட்டுக்கு வந்து அகதாவிடம் சொன்னார். அவள் கரண்டியைக் கீழே வைத்தாள்.

"ஏங்க, பால் ஏறுனது நீங்க சோறு திங்காததாலயா? நீங்க வாயத் தொறக்காததாலதானே? தொரகிட்டப் போய்ச் சொல்லுங்க."

"நான் சும்மா கெடந்தா தோட்டம் நல்லா ஓடுதுன்னு நானே போய்ச் சொல்லச் சொல்றியா? அடுத்த கப்பல்ல ஏத்திருவான்."

"அதுக்காக ஊரு சனத்தப் பட்டினி போடுவீங்களா?"

"எனக்குத் தெம்பில்ல அகதா," என்று கஸ்பார் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தார். தெம்பில்லை என்பது உண்மை. பயம் மட்டும் குறையாமல் இருந்தது.

திங்கட்கிழமை விடிந்தது. கஸ்பார் கதவைத் திறந்தார். வாசலிலிருந்து சாலைவரைக்கும் லயத்துச் சனம் பந்தி போட்டு உட்கார்ந்திருந்தது. ஒவ்வொருவர் முன்னாலும் வாழையிலை. முதல் இலையில் ராக்காயி.

"கும்புடுறேங்கய்யா. பசியாற வந்துருக்கோம்."

"இங்கே எதுக்குடி?"

"நீங்க திங்கிறதத்தான் திங்கணும்னு தொர உத்தரவுங்களே. நீங்க என்னா திங்கிறீங்கன்னு எங்களுக்கு நல்லாத் தெரியும், எங்க வீட்டுக் கோழிதானுங்களே! ஆளுக்கு ஒண்ணு போட்டுருங்க. அம்மா, எனக்கு நெஞ்செலும்பு."

உள்ளேயிருந்து அகதா சிரிப்பை அடக்கியது கஸ்பாருக்குக் கேட்டது.

"கோழி ஏது? எல்லாம் தீந்துபோச்சே!"

"அப்பிடிங்களா? அப்ப மத்ததயாச்சும் செஞ்சுருவோம்," என்றாள் ராக்காயி. உடனே அத்தனை பேரும் இலைக்குப் பின்னால் சாய்ந்து படுத்து, தலைத்துண்டை எடுத்து முகத்தில் விரித்துக்கொண்டார்கள்.

"மாயாண்டி! என்னய்யா இது? மரம் சீவ யாரு போறது?"

மாயாண்டி தம் துண்டின் ஒரு மூலையை மட்டும் பவ்வியமாகத் தூக்கினார். "எல்லாரும் மேப்பார்வ பாக்குறாங்கய்யா. தெம்புச் சிக்கனம்."

தோட்டத்தில் அன்று ஒரு சொட்டுப் பால் இறங்கவில்லை. சேதி கேட்டுத் துரை ஓடிவந்தார். பத்தியம் தொடங்கிய பிறகு அவர் ஓடியது அதுதான் முதல் தடவை. அவர் வந்து நின்று மூச்சு வாங்குகிற வேளையில்தான் விசிட்டிங் துரையின் மோட்டார் வண்டி வந்து நின்றது. வண்டியின் ஒரு பக்கம் முதலில் நிமிர்ந்தது, பிறகு அவர் இறங்கியது தெரிந்தது.

அவர் மலாயாவில் கொட்டை போட்ட பழம்பெரும் துரை. படுத்திருந்த சனத்தைப் பார்த்தார், வெறும் இலைகளைப் பார்த்தார். தோட்டத்துத் துரை சோற்றின் தீமையையும் பால் ஏறிய அதிசயத்தையும் மூச்சுவிடாமல் விளக்கினார்.

"முதலில் அரிசியைப் போடச் சொல்," என்றார் விசிட்டிங் துரை. "சோறில்லாமல் மரம் சீவ முடியாது. இது தெரிய டாக்டர் எதற்கு?"

ஸ்டோர் திறக்கப்பட்டது. மூட்டை அவிழ்கிற சத்தம் கேட்டதும் துண்டுகள் ஒவ்வொன்றாக விலகின. கஸ்பாருக்கு உயிர் வந்தது. ஆனால் விசிட்டிங் துரையின் பார்வை இப்போது அவர் மேல் நிலைத்தது.

"இந்தப் பத்தியத்தில் இத்தனை நாள் நீ என்ன வேலை பார்த்தாய்?"

"படுத்திருந்தேன் சார்."

"அப்போதுதான் பால் ஏறியது?"

"ஆமாம் சார்."

"அப்படியானால் குறைக்க வேண்டிய ஆளைத் தேட வேண்டியதில்லை."

கஸ்பாருக்குக் காது அடைத்தது. பையனின் முகம் வந்தது, ஆயர் தாவார்ச் சம்பந்தி முகம் வந்தது. பல வாரமாகச் சேமித்து வைத்த தெம்பு முழுவதையும் திரட்டி ஒரே மூச்சில் சொல்லிவிட்டார்:

"சார், துரையும் என்னோடு சேர்ந்து படுத்திருந்தவர்தான் சார்! தாங்களும் போன தடவை வந்து போனதற்குப் பிறகு இப்போதுதான் சார் வருகிறீர்கள். அதற்கும் சேர்த்துத்தான் சார் பால் ஏறியது!"

தோட்டத்துத் துரை விசிட்டிங் துரையைப் பார்த்தார். விசிட்டிங் துரை தம் வயிற்றைப் பார்த்தார். பிறகு தொண்டையைக் கனைத்துக்கொண்டு, கஸ்பாரின் தோளில் மிகவும் பிரியமாகத் தட்டிக் கொடுத்தார்.

"பழுத்த அனுபவம் உள்ள ஆள். இப்படிப்பட்டவர்களைக் கம்பெனி இழக்க முடியாது," என்றார்.

"முடியவே முடியாது," என்றார் துரை.

கஸ்பார் தலைகுனிந்து அந்தப் பெருமையை ஏற்றுக்கொண்டார். மூவரும் ஒரே கருத்தோடு நின்ற அந்தக் காட்சி, பொறுப்புள்ள நிர்வாகத்துக்கு உலகம் என்றென்றும் எடுத்துக்காட்டாகக் கொள்ளத்தக்கது. கம்பெனி உத்தரவு மட்டும் அப்படியே நின்றது. விசிட்டிங் துரை எல்லாருக்கும் விளங்கட்டும் என்று தமிழில் உரக்கக் கேட்டார்: "ஆனா, ஒரு ஆளு கொறைக்கணும். யாரு?"

மூவரும் மெள்ளத் திரும்பினார்கள்.

அரிசி வாங்க வரிசையில் முதலாவதாக நின்ற ராக்காயி, மடியை இறுக்கிப் பிடித்துக்கொண்டு மாயாண்டியிடம் சொன்னாள்:

"மாயாண்டியண்ணே, யாரோ ஒரு ஆளக் கொறைக்கணுமாம். மூணு பேரும் நம்மளயே பாக்குறாங்க."