நாகையாவின் மூன்று நாள் விரதம்

நாகையாவுக்குத் திடீர் பக்தி வந்துவிட்டது. மூன்று மாதத்துக்கு ஒருமுறை, சரியாக மூன்று நாள், முருகனுக்கு விரதம். சோறு கிடையாது, இனிப்பு கிடையாது, நுரை பொங்க ஆற்றிய தே தாரிக் டீயும் கிடையாது.

நாலாம் நாள் காலை பிரிக்பீல்ட்ஸில் ஹார்மோன் டாக்டர் சிவமலர் நாகையாவின் ரத்தத்தில் சர்க்கரை பார்ப்பார். ஏறியிருந்தால் தினம் இன்சுலின் ஊசி என்று மிரட்டி வைத்திருந்தார். சர்க்கரையோ சாதுவாக அடங்கியிருக்கும். அடுத்த பத்தாவது நிமிடம் நாகையா கன்னையாவின் மிட்டாய்க் கடையில் ஜிலேபியை மென்றுகொண்டிருப்பார். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்துவிட்ட பெருமை, அந்த மேதாவிக்கு!

கிள்ளான் வீட்டில் மனைவி தனலெட்சுமி சும்மா இருப்பாளா?

“முருகன் என்ன, உங்க அப்பாய்ண்ட்மென்ட் கார்டப் பாத்துத்தான் விரதம் கேக்குறாரா?”

“சாமி விஷயத்துல விளையாடாத லா!”

“தைராய்டு வந்து கழுத்து வீங்குனவங்கல்லாம் அந்த டாக்டரம்மா சொன்னபடி கேக்குறாங்க. உங்களுக்கு மட்டும் என்ன கொழுப்பு? கண்ணு போனா யாரு கையப் பிடிச்சு நடப்பீங்க?”

“அவங்களுக்கு வியாதி. எனக்குச் சக்கரை கட்டுக்குள்ள இருக்கு!”

இந்த முறை அவளும் கூடவே வந்தாள். டாக்டர் சிவமலர் யாழ்ப்பாணத்து அம்மா. சிரிக்காமல் காகிதத்தைப் புரட்டினார்.

“இண்டைக்குச் சர்க்கரை நல்லம். ஆனா உங்கட மனிசி போன்ல கேட்டதால, இண்டைக்கு எடுத்த ரத்தத்திலயே புது டெஸ்ட் ஒண்டும் செய்தனான். மூண்டு மாசமா எவ்வளவு சர்க்கரை ஓடினது எண்டு அது சொல்லும். மூண்டு நாள் பட்டினிக்கெல்லாம் அது ஏமாறாது. அதில சர்க்கரை நல்லாக் கூடிக் கிடக்கு. அடுத்த முறையும் இப்பிடியெண்டால் ஊசிதான்.”

நாகையா மெல்ல நாற்காலியை விட்டு எழுந்தார்.

“கவலப்படாதீங்க டாக்டர்,” என்றாள் தனலெட்சுமி. “விரதம் இருக்கறதுல இவரு கெட்டிக்காரரு.”

வெளியே வந்ததும் அவளைப் பஸ் ஸ்டாப்பில் நிறுத்திவிட்டு, கழிவறைக்கு என்று சொல்லி கன்னையா கடைக்கு ஓடினார் மானங்கெட்ட மனுஷன். ஊசிக்கு இன்னும் மூன்று மாதம் இருக்கிறதே!

“கன்னையா, ரெண்டு ஜிலேபி! சீக்கிரம்!”

கன்னையா தட்டைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டார்.

“அண்ணே, அந்தப் பாவத்த என் தலையில கட்டாதீங்க. காலையிலயே அக்கா போன் பண்ணிட்டாங்க. தைப்பூசம் வரைக்கும் மூணு மாசம் விரதமாமே! கிள்ளான்ல ஒரு கடை விடாம சொல்லிட்டாங்களாம்.”

நாகையா திரும்பிப் பார்த்தார். வரிசையில் பின்னால் நின்ற, அவர்கள் ஊர் முருகன் கோயில் தலைவர் ரெங்கசாமி பக்தியோடு கும்பிட்டார். விரதமே பொய் என்று அவர் முன்னால் எந்த வாயால் சொல்வது?

“சுடுதண்ணி தரவா, அண்ணே?”