வரிசையில் ஆறாவது ஆள்

"கடைசில நிக்கறது யாரு? உங்க ஆளா?" என்று சோப்புக்காரி உதட்டை அசைக்காமல் கேட்டாள்.

"என் ஆளா? நீ கூட்டிட்டு வந்தவள்னுல்ல நினைச்சேன்," என்றாள் செயலாளர், அவளும் உதட்டை அசைக்காமல்.

வரிசையில் நிற்கும்போது பேசக்கூடாது, சிரிக்கக்கூடாது, ஒருத்திக்கு ஒருத்தி தெரிந்தவள் போலக் காட்டிக்கொள்ளவே கூடாது. இது செயலாளரே போட்ட சட்டம். போட்ட வாயாலேயே அதை அவள் மீற வேண்டியதாகிவிட்டது. என்ன செய்வது? அவள் ஏற்பாடு செய்த வரிசையில் ஐந்து பேர்தான். இப்போது ஆறு பேர் நிற்கிறார்கள்.

அது ஒரு தலையணைக் கடையின் வாசல். தலையணைக் கடைக்கு யாராவது வரிசையில் நிற்பார்களா என்று கேட்கலாம். மாட்டார்கள். அதனால்தான் இவர்கள் நின்றார்கள்.

கடைக்காரியைச் சங்கத்தில் எல்லோரும் 'தங்கச்சி' என்றுதான் கூப்பிடுவார்கள். சொந்தத் தொழில் செய்யும் பெண்களின் சங்கத்தில் அவள்தான் கடைசியாகச் சேர்ந்தவள். இலவம்பஞ்சைக் கொட்டை நீக்கி, வெயிலில் காயவைத்து, அவள் அடைக்கிற தலையணையில் தலையை வைத்தால் கவலை கூட இரண்டு நிமிஷம் யோசித்துவிட்டுத்தான் திரும்பி வரும். சரக்கு அப்படி. ஆனால் கடையிலோ காலையிலிருந்து சாயங்காலம் வரை ஈ ஓட்டிக்கொண்டிருந்தாள்.

கடை இருக்கும் அறை அவளுடைய அண்ணனுடையது. அண்ணன் டயர் வியாபாரி. "இந்த மாசக் கடைசி வரைக்கும் பார்ப்பேன். வியாபாரம் சூடு பிடிக்கலைன்னா காலி பண்ணிடு, எனக்கு டயர் அடுக்க இடம் இல்ல," என்று சொல்லிவிட்டான். அவள் அதைச் சங்கக் கூட்டத்தில் சொல்லி அழவில்லை. சிரித்துக்கொண்டே சொன்னாள். அதுதான் செயலாளருக்குத் தாங்கவில்லை.

"ஒருத்தி கடையை மூட விட்டுட்டு அப்புறம் நமக்கு எதுக்கு ஒரு சங்கம், அதுக்கு ஒரு செயலாளர்?" என்று மேஜையைத் தட்டினாள். "கூட்டம் இருக்கற கடைக்குத்தான் கூட்டம் வரும். நாமளே கூட்டமா நிப்போம்!"

செயலாளருக்கு ஜெராக்ஸ் கடை. ஒன்றைப் பலவாகக் காட்டுவது அவளுக்குக் கைவந்த கலை. அவளும், சோப்புக்காரியும், கேக்குக்காரியும், செடி விற்பவளும், பார்லர் அக்காவும் மத்தியானத்துக்கு மேல் வாசலில் வரிசையாக நிற்பது. ஒவ்வொருத்தியாக உள்ளே போவது. பஞ்சு அடைக்கும் அறை வழியாகப் பின்வாசலுக்கு நழுவி, கொல்லைச் சந்தில் ஓடி வந்து, சத்தமில்லாமல் வரிசையின் வாலில் மறுபடி ஒட்டிக்கொள்வது. தண்ணீர் இறைக்கும் சக்கரம் மாதிரி சாயங்காலம் வரை சுற்றிக்கொண்டே இருக்கலாம். ஐந்து பேர் போதும், கூட்டம் தீராது.

முதல் நாளே ஒரு சிக்கல். தெருவில் போன ஒருத்தி நின்று, "என்ன பார்லர் அக்கா, உங்க கடையை விட்டுட்டு இங்க வந்து நிக்கறீங்க?" என்று கேட்டுவிட்டாள்.

"இதுக்கெல்லாம் பயந்தா முடியுமா?" என்றாள் பார்லர் அக்கா. மறுநாள் ஐந்து பேருக்கும் தலையணை உறைத் துணியில் முக்காடு போட்டு, முகத்துக்கு ஏதோ கிரீமும் பவுடரும் அப்பிவிட்டாள். பெற்ற தாய் வந்தால் கூட அடையாளம் தெரியாது. சந்தில் ஓடும்போது செருப்புச் சத்தம் காட்டிக்கொடுக்கிறது என்று தங்கச்சி ஐந்து ஜோடி பஞ்சுச் செருப்பு தைத்துக் கொடுத்தாள். பஞ்சு அறையைக் கடந்து வரும்போது தலையெல்லாம் பஞ்சு ஒட்டிக்கொள்ளும். தட்டிவிட நேரமிருக்காது. பரவாயில்லை, சரக்குக்கு விளம்பரம் என்று செயலாளர் சொல்லிவிட்டாள்.

அதற்கு அடுத்த நாள்தான் அந்த ஆறாவது ஆள் வந்தாள்.

மழைக்காலம். மத்தியானமே வானம் மூடிக்கொண்டு, தெருவுக்குச் சாயங்கால முகம் வந்திருந்தது. அவள் சாம்பல் நிற மழைக்கோட்டு போட்டு, தொப்பியை நெற்றி வரை இழுத்துவிட்டிருந்தாள். எப்போது வந்தாள், எந்தப் பக்கமிருந்து வந்தாள், ஒருத்திக்கும் தெரியாது. திரும்பிப் பார்த்தபோது நின்றுகொண்டிருந்தாள்.

பஞ்சு அறையில் அவசரமாக ஒரு ரகசியக் கூட்டம் நடந்தது.

"நான் கூட்டிட்டு வரலை," என்றாள் கேக்குக்காரி.

"நானும் இல்ல," என்றாள் செடிக்காரி. "ஆனா ஒண்ணு கவனிச்சீங்களா? அவ உள்ளயே வரமாட்டேங்கறா. அவளுக்குப் பின்னால போய் நின்னேன். சட்டுனு ஒதுங்கி என்னை முன்னால விட்டுட்டா."

"என்னையும் அப்படித்தான் விட்டா," என்றாள் சோப்புக்காரி. அவள் குரல் இறங்கியது. "எப்பவும் கடைசியாத்தான் நிக்கறா. நாம எத்தனை சுத்து சுத்தினாலும் அவ நமக்குப் பின்னாலதான் இருக்கா."

சொன்னதும் மற்றவர்கள் ஒருத்தியை ஒருத்தி ஒட்டிக்கொண்டார்கள். மேலே மிதந்த பஞ்சு மெதுவாக இறங்கிக்கொண்டிருந்தது.

"அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய்," என்று செயலாளர் அதட்டினாள். "யாரோ வேலையத்தவ. கண்டுக்காதீங்க. தங்கச்சி, உனக்கு அவளைத் தெரியுமா?"

"நான் இங்க உள்ள உக்காந்து அடைச்சுக்கிட்டு இருக்கேன் அக்கா. உங்க அஞ்சு பேரைத் தவிர வேற யாரும் உள்ள வரலையே," என்றாள் தங்கச்சி. அதைச் சொல்லும்போதும் சிரித்தாள். செயலாளருக்கு நெஞ்சு சுருக்கென்றது.

கண்டுகொள்ளாமல் இருப்பது அவ்வளவு சுலபமாக இல்லை. அடுத்த நாள் அவளுக்கு நேர் முன்னால் நிற்கும் முறை செயலாளருக்கே வந்தது. பின்கழுத்தில் பார்வை படுவது தெரிந்தது. அதுவும் கழுத்தில் தொடங்கி மெல்ல மெல்லக் கீழே இறங்குவது போல இருந்தது. ஓரக்கண்ணால் பார்த்தாள். தொப்பிக்குக் கீழே இரண்டு கண்கள் செயலாளரின் பாதத்தையே உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தன. இமை கூட ஆடவில்லை. செயலாளர் சட்டென்று பஞ்சுச் செருப்பை புடவைக்குள் இழுத்துக்கொண்டாள்.

வரிசை ஒரு அடி நகர்ந்தது. செயலாளரும் ஓரடி வைத்தாள். பின்னால் இருந்தவளும் வைத்தாள். ஆனால் நடுவில் இருந்த இடைவெளி மட்டும் முன்பைவிடக் கொஞ்சம் கூடியிருந்தது. தெருநாய் ஒன்று வந்தது. வரிசையைப் பார்த்து ஊளையிட்டது. பிறகு வாலைக் கால்களுக்கிடையில் சுருட்டிக்கொண்டு வந்த வழியே ஓடிப்போனது.

"நாய்க்குத் தெரியும்," என்று சோப்புக்காரி முணுமுணுத்தாள். "மனுஷங்களுக்குத் தெரியாதது நாய்க்குத் தெரியும்."

நாய்க்கு மட்டுமல்ல, தெருவுக்கே தெரிந்துவிட்டது போலிருந்தது. எதிரில் வாட்ச் ரிப்பேர் கடை வைத்திருந்தவர் முதல் நாள் இவர்களைப் பார்த்துத் தலையாட்டிய மனுஷன். இப்போது வரிசை நிற்கத் தொடங்கியதும் ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு, கீழ் இடுக்கில் குனிந்து பார்த்தார். பால் வண்டி அடுத்த தெரு வழியாகச் சுற்றிப் போக ஆரம்பித்தது. பள்ளிக்கூடம் விட்டு வரும் பிள்ளைகளை அம்மாக்கள் கையைப் பிடித்து, கண்ணை மூடச் சொல்லி, எதிர் ஓரமாக இழுத்துக்கொண்டு ஓடினார்கள். ஜன்னல்கள் ஒவ்வொன்றாகச் சாத்திக்கொண்டன.

"பாத்தீங்களா?" என்றாள் செடிக்காரி. "அவ வந்ததுலேருந்து ஒரு ஈ காக்கா கூட இந்தப் பக்கம் வரலை. நாம கூட்டம் சேக்கறோம், அவ விரட்டறா."

அப்படியென்றால் நேரத்தை மாற்றுவோம் என்று செயலாளர் முடிவு செய்தாள். காலையிலேயே, பனிமூட்டம் கலையும் முன் போய் நின்றார்கள். கண்ணுக்கு எட்டிய வரை வெள்ளை. முன்னால் நிற்பவளின் முக்காடு கூடப் பாதிதான் தெரிந்தது. நல்லவேளை, அவள் இல்லை என்று செயலாளர் மூச்சு விட்டாள். அந்த மூச்சு முடிவதற்குள் பின்னாலிருந்து இன்னொரு மூச்சு கேட்டது.

அவள்தான். பனியில் நனைந்த மழைக்கோட்டோடு, எப்போதும் போலக் கடைசியில்.

செயலாளருக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. ஆனாலும் முன் வைத்த காலைப் பின் வைத்துப் பழக்கமில்லாதவள். திரும்பி, வரவழைத்த தைரியத்தோடு, "நீங்க முன்னால போங்களேன்," என்றாள். பனிக்காற்றில் தொண்டை கட்டியிருந்ததால் குரல் எங்கிருந்தோ கிணற்றுக்குள்ளிருந்து வந்தது போல் வந்தது.

அந்தப் பெண்ணுக்குத் தூக்கிவாரிப்போட்டது. இரண்டு கைகளையும் நெஞ்சுக்கு நேராகக் கூப்பினாள். நடுங்கும் குரலில், ஒவ்வொரு வார்த்தையாகக் கேட்டாள்.

"உங்களுக்கெல்லாம் என்ன வேணும்? சொல்லுங்க. என்னால முடிஞ்சா செய்யறேன். அதுக்கப்புறம் நிம்மதியா போயிடுவீங்களா?"

செயலாளர் விழுந்தடித்துக் கடைக்குள் ஓடி, பஞ்சு அறையில் போய்த்தான் நின்றாள்.

"நிம்மதியா போயிடுவீங்களான்னு கேக்கறா!" என்றாள் மூச்சிரைக்க. "நம்ம அஞ்சு பேரையும் அனுப்பி வைக்கத்தான் வந்திருக்கா. எங்க அனுப்பறதுக்கோ!"

"என்னால இனிமே முடியாது," என்று சோப்புக்காரி முக்காட்டைக் கழற்றினாள். "எனக்குக் குழந்தை குட்டி இருக்கு. நான் உயிரோட இருந்தாத்தான் சோப்பு விக்க முடியும்."

மற்றவர்களும் முக்காட்டில் கை வைத்தார்கள். அப்போதுதான் தங்கச்சி, ஊசியைக் கீழே வைத்துவிட்டு மெதுவாகச் சொன்னாள்.

"விடுங்க அக்கா. போதும். நாளைக்கு அண்ணன் வராரு, சாவியைக் கொடுத்துடறேன். எனக்காக இத்தனை பேரு மழையிலயும் பனியிலயும் நின்னீங்களே, அதுவே எனக்குப் பெருசு." இந்தத் தடவை அவள் சிரிக்கவில்லை.

சோப்புக்காரி கழற்றிய முக்காட்டை உதறினாள். பிறகு மூக்கை உறிஞ்சிக்கொண்டு, அதை மறுபடி தலையில் போட்டாள்.

"பேயா இருந்தா என்ன, பிசாசா இருந்தா என்ன," என்றாள் செயலாளர். அவளுக்குக் கண் கலங்கி, பவுடரில் இரண்டு கோடு இறங்கியிருந்தது. "நாம அஞ்சு பேரு, அது ஒண்ணு. கையைக் கோத்துக்கிட்டுச் சுத்தி வளைச்சு, நீ யாருன்னு கேட்டுடுவோம். பார்லர் அக்கா, இன்னும் கொஞ்சம் பவுடர் போடுங்க. பயப்படறது மூஞ்சியில தெரியக்கூடாது."

பனி இன்னும் விலகவில்லை. பின்வாசல் வழியாக வெளியேறி, சந்தைச் சுற்றி, சத்தமே இல்லாமல் வந்தார்கள். அவள் வாசலுக்கு ஓரடி தூரத்தில் நின்றிருந்தாள். வரிசையில் வேறு யாரும் இல்லை. கண்ணாடிக் கதவில் கை வைக்கப் போனாள். முதன்முறையாக உள்ளே போகப் பார்க்கிறாள்! தங்கச்சி உள்ளே தனியாக இருக்கிறாளே என்று செயலாளருக்கு உயிர் பதறியது.

"சுத்துங்க!" என்றாள்.

ஐந்து பேரும் கைகோத்து அவளைச் சுற்றி நின்றார்கள். வட்டம் மெல்லச் சுருங்கியது. பஞ்சு ஒட்டிய ஐந்து தலைகள் குனிந்தன. "யார் நீ?" என்று ஐந்து தொண்டைகளும் ஒன்றாகக் கேட்டன.

அவள் ஒவ்வொரு முகமாகப் பார்த்தாள். அப்படியே கண் சொருகிச் சரிந்தாள்.

பிடித்தபோதுதான் தெரிந்தது, கனமான உடம்பு, சூடான கை. "ஐயையோ, மனுஷிடி!" என்று கேக்குக்காரி அலறினாள். ஐந்து பேருமாகத் தூக்கி உள்ளே கொண்டுபோய்த் தலையணைகளின் மேல் படுக்க வைத்தார்கள். தங்கச்சி அந்தப் பெண்ணின் முகத்தில் தண்ணீர் தெளித்தாள். அவள் கண்ணைத் திறந்தாள். செயலாளரின் முகத்தைப் பார்த்தாள். மறுபடி மூடிக்கொண்டாள்.

தெருவில் ஷட்டர் தடதடவென்று ஏறும் சத்தம் கேட்டது. "தங்கச்சி! தங்கச்சி! உயிரோட இருக்கியா? உடனே வெளிய வாம்மா!"

வாட்ச் கடைக்காரர். ஒரு கையில் குடையை ஈட்டி போலப் பிடித்துக்கொண்டு நடுத்தெருவில் நின்றார். அதற்கு மேல் ஓரடி வர மாட்டேனென்று அவர் கால்கள் அடம் பிடித்தன. தங்கச்சி வாசலுக்கு ஓடினாள். ஐந்து பேரும் திரைக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு காதைத் தீட்டினார்கள்.

"அண்ணே, அந்த மழைக்கோட்டு அம்மா யாருண்ணே? தெரியுமா?"

"லேடீஸ் ஹாஸ்டல் வார்டன்மா. ஹாஸ்டல் முழுக்கப் புதுத் தலையணை போடணும்னு, உன் கடை சரக்கைக் கேள்விப்பட்டுத் தினமும் வராங்க. தைரியமான பொம்பளை. நாங்கல்லாம் வேண்டாம் வேண்டாம்னுதான் சொன்னோம்."

"ஏன் வேண்டாம்னு சொன்னீங்க? அவங்கதான் ஏன் உள்ள வராம வாசல்லயே நின்னாங்க?"

வாட்ச் கடைக்காரர் அவளுடைய தோளுக்கு மேலாக உள்ளே எட்டிப் பார்த்தார். குரலை இறக்கினார்.

"வெள்ளை முக்காடும் வெளுத்த மூஞ்சியுமா, உள்ள போறது மட்டும் தெரிஞ்சு வெளிய வரதே தெரியாம, தினமும் அஞ்சு பேய் உன் வாசலை மறிச்சுக்கிட்டு நின்னா, தலையணை வாங்க யாருக்கும்மா தைரியம் வரும்?"